மதியம் சாப்பிட்டதும் கண் சொருகுகிறது, சோற்றை விட்டுவிடட்டுமா?

கேள்வி: எனக்கு வயது 39. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, வீட்டுக்காரருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் டப்பா கட்டிவிட்டு, மிச்சம் இருப்பதை நான் எடுத்துக்கொண்டு ஏழரை பஸ்ஸைப் பிடிப்பேன். காலையில் பெரும்பாலும் டிபன் கிடையாது. மதியம் ஒன்றே முக்காலுக்கு மேஜையிலேயே பத்து நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிடுவேன். சாம்பார் சாதம், இல்லாவிட்டால் சோறும் குழம்பும். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவலோ அப்பளமோ. இரண்டேகாலுக்கு டீ வரும். மூன்று மணிக்குக் கண் சொருகிவிடும். அலுவலகத்தில் நடந்த மருத்துவ முகாமில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, எச்பிஏ1சி 5.9, ஹீமோகுளோபின் 10.2 என்று வந்தது. சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி, ஓட்ஸ் என்று மாறச் சொல்கிறார்கள் கூட வேலை பார்க்கும் மூன்று பெண்களும். சோறு தின்னாமல் உடம்பு எப்படி நிற்கும் என்கிறார் மாமியார். சித்திரை, வைகாசியில் டப்பாவைத் திறந்தால் சாம்பார் சாதம் ஊசிப்போய்க் கிடக்கிறது. அலுவலகத்தில் பிரிட்ஜ் இல்லை. பேசாமல் மெஸ்ஸில் வாங்கிச் சாப்பிட்டுவிடலாமா? பிளாஸ்டிக் டப்பா பரவாயில்லையா?
- வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: அன்புச் சகோதரி, சோற்றை விட வேண்டாம். டப்பாவில் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைக் குறைத்தால் போதும். எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஹீமோகுளோபின் 10.2 என்று, அதைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 11க்கும் கீழே இறங்கிவிட்டால் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது நடுத்தர வகை, இலேசான வகை அல்ல. மூன்று மணிக் களைப்புக்குச் சோற்றின் மேல் மட்டும் பழி போடுகிறோம். நாலரைக்கு எழுந்த உடம்பு, காலையில் வெறும் வயிறு, ரத்தத்தில் போதாத ஹீமோகுளோபின், இது மூன்றும் சேர்ந்தால் மதியம் என்ன சாப்பிட்டாலும் அசத்தத்தான் செய்யும். பிற்பகல் இரண்டு, மூன்று மணி என்பது உடம்பு இயல்பாகவே கொஞ்சம் மந்தமாகும் நேரம். சாப்பிடாமல் இருப்பவர்களுக்கும் அது வரும்.

இன்னொன்று. இரும்புச்சத்துக் குறைவால் வந்த ரத்தசோகையாக இருந்தால், கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டக்கூடும். அதனால் 5.9 என்ற அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அதே சமயம் வெறும் வயிற்றில் 112 என்பதை விட்டுவிடவும் முடியாது. அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் வருகிற எண். பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஒரு நாள் காலையில் போய், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதென்றால் கூச்சப்படாமல் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த வயதில் ரத்தசோகைக்கு அது முக்கியமான காரணம். 10.2ஐக் கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் ஏற்றிவிடாது. மாத்திரை தேவைப்படலாம். டாக்டர் எழுதிக்கொடுத்தால் மலம் கறுக்கிறது, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

அந்த இரண்டேகால் மணி டீயைத் தள்ளிப்போடுங்கள். டீ, காபியில் இருக்கும் டானின், சாப்பாட்டில் இருந்து வரும் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதுதான் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலும். மூன்றேகால், மூன்றரைக்குக் குடித்துக்கொள்ளுங்கள். கண் சொருகும் நேரத்துக்கு டீயும் வந்த மாதிரி இருக்கும். கூட வரும் பஜ்ஜி மட்டும் வேண்டாம். சாப்பிடும்போது சோற்றின் மேலோ காயின் மேலோ எலுமிச்சை பிழிந்துகொள்வதும், ஊறின நெல்லிக்காய் ஒரு துண்டு கடித்துக்கொள்வதும் டீக்கு நேர் எதிரான வேலையைச் செய்யும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி கை கொடுக்கும்.

இப்போது டப்பாவுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியிருக்கும் டப்பாவை அப்படியே மனசில் வைத்துப் பார்க்கிறேன். சாம்பார் சாதம், அதற்கு உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அப்பளம். அப்பளத்தில் கொஞ்சம் உளுந்து இருக்கிறது, சாம்பாரில் கொஞ்சம் பருப்பு. மற்றபடி முழுக்க மாவுச்சத்து. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு என்ன வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள்: அரிசி, கோதுமை மாதிரித் தானியங்கள் 250 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம். எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. நம் பக்கத்துச் சமையலறையில் தானியம் இதைத் தாண்டிவிடும். காயும் பருப்பும் பாதிகூட வருவதில்லை. ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பைப் பிழிந்து எடுத்தால் ஒரு மேசைக்கரண்டி தேறுவது கஷ்டம். பருப்பு சாப்பிடுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் புளித்தண்ணீரைத்தான்.

அதனால் அடுக்கை மாற்றுங்கள். கேரியரில் பெரிய அடுக்கில் காய், சின்ன அடுக்கில் சோறு. இவ்வளவுதான் நான் சொல்லவரும் முதல் மாற்றம், இதுவே பாதி வேலையை முடித்துவிடும். 75 கிராம் அரிசி வடித்தால் ஏறக்குறைய 200 கிராம் சோறு வரும். மதியத்துக்கு அது போதும். பெரிய அடுக்கில் ஒரு பொரியலோ கூட்டோ வயிறு நிறைகிற அளவுக்கு. மூன்றாவது அடுக்கில் பருப்பு, பயறு: கட்டியான பச்சைப்பயறுக் கடையல், சுண்டல், பருப்பு உசிலி, எதுவானாலும் சரி. வேகவைப்பதற்கு முன், பருப்பு, பயறு வகைகளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. சாப்பிடும்போது காயையும் பயறையும் பாதி தின்றுவிட்டு அப்புறம் சோற்றைப் பிசையுங்கள். முதலில் காயும் புரதமும் போய், பின்னால் மாவுச்சத்து போனால் சர்க்கரை சட்டென்று ஏறுவது குறைகிறது.

இதற்காக எங்கேயோ போய் எதையோ வாங்க வேண்டாம். உங்கள் ஊர்ப்பக்கம் காவிரிப் படுகை முழுக்க வாழை. தண்டும் பூவும் சல்லிசாகக் கிடைக்கும். தாளடி நெல் அறுவடைக்குச் சில நாள் முன்னால் வயலில் தெளித்துவிடுகிற உளுந்தும் பச்சைப்பயறும் பல வீடுகளில் டப்பாவில் வருடம் முழுக்க இருக்கும், எடுத்துப் போடத்தான் ஆள் இல்லை. வாழைப்பூ ஆய நேரம் இல்லை என்பீர்கள். நியாயம்தான். ராத்திரி தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும்போது பூவை ஆய்ந்து, நரம்பையும் கண்ணாடி மாதிரி இருக்கும் செதிலையும் எடுத்துவிட்டு, நறுக்கி மோர்த் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டால் காலையில் வேலை பத்து நிமிடம். ஊறவைத்த கடலைப்பருப்பைக் காய்ந்த மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, ஆவியில் வேகவைத்து உதிர்த்து, பூவோடு புரட்டினால் உசிலி. காயும் பருப்பும் ஒரே வேலையில் முடிந்துவிடுகின்றன.

சப்பாத்தி, ஓட்ஸ் விஷயம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. கோதுமை மாவிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கோதுமையில் புரதமும் நாரும் சற்றுக் கூடுதல், அவ்வளவே. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு மசாலாவும் எடுத்துப்போனால் நீங்கள் எதையும் மாற்றவில்லை, மாவை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை என்று பாரம்பரிய நெல் சாப்பிடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் போன்றவர்கள் அலைந்து திரிந்து மீட்டுக்கொடுத்த நெல் அது, எனக்கு அதன் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தவிடு போகாமல் இருந்தால்தான் அதன் பலன். வெள்ளையாகத் தீட்டிவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். தவிட்டோடு இருப்பதை ராத்திரியே ஊறவைக்க வேண்டும், வேகவும் நேரம் எடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பொங்குங்கள். வேலை நாளில் வீட்டுப் புழுங்கல் அரிசியே போதும். மாமியார் சொல்வதிலும் தப்பில்லை, சோறு இருக்கட்டும். அவருக்கும் அதே பங்கீட்டில் பரிமாறுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனசை உறுத்திய வரி, "மிச்சம் இருப்பதை நான் எடுத்துக்கொண்டு" என்பது. என்னிடம் வரும் பெண்களில் பலர் இதே வார்த்தைகளைச் சொல்கிறார்கள். காய் எல்லாம் மற்ற மூன்று டப்பாவுக்குள் போய்விடுகிறது. அடிச்சட்டியில் ஒட்டினதும் ஒரு கை வறுவலும் உங்களுக்கு. அந்த வீட்டில் ரத்தசோகை யாருக்கு வந்திருக்கிறது என்று பாருங்கள். நாளையிலிருந்து உங்கள் டப்பாவை முதலில் கட்டுங்கள். கட்டி மூடி, பையில் வைத்துவிட்டு, அப்புறம் மற்ற மூன்றும். யாருக்கும் குறைந்துவிடாது. குறைந்தால் அடுத்த நாள் கால் கிலோ காய் கூடுதலாக வாங்குவார்கள்.

காலை டிபனும் அப்படித்தான். இரண்டு இட்லியும் ஒரு வேகவைத்த முட்டையும் நின்றுகொண்டாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். முட்டை சாப்பிட மாட்டீர்கள் என்றால் ஊறவைத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. ஒன்றே முக்கால் வரை பட்டினி கிடந்தால், எவ்வளவு சின்ன அடுக்கு கொடுத்தாலும் சோறுதான் வேண்டும் என்று வயிறு கேட்கும்.

சாம்பார் சாதம் ஊசிப்போவதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லை. ஐந்து மணிக்கு இறக்கினதை ஒன்றே முக்காலுக்குச் சாப்பிடுகிறீர்கள், எட்டே முக்கால் மணி நேரம். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் என்பது கிருமி பெருகத் தோதான சூடு. சுடச்சுடச் சாம்பாரை ஊற்றிப் பிசைந்து, ஆவி போகாமல் மூடியை இறுக்கினால், டப்பா அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் நிற்கும். திறக்கும்போது மூடியின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்குமே, அது சோற்றில் சொட்டி ஈரத்தையும் கூட்டிவிடும். சோற்றில் வளர்கிற பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் கொதியிலும் சாவதில்லை. அது உண்டாக்கும் ஒரு நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. வாசனை மாறியிருந்தால், நூல் விட்டால், ருசி பார்த்துச் சோதிக்காதீர்கள். கொட்டிவிடுங்கள்.

முதலில் சமையல் நேரத்தைப் பின்னால் தள்ளுங்கள். காயும் வெங்காயமும் ராத்திரியே நறுக்கி வைத்திருந்தால் நாலரைக்கு எழ வேண்டியதில்லை, ஐந்தரைக்கு எழுந்து ஆறரைக்கு இறக்கலாம். நறுக்குவது உங்கள் வீட்டுக்காரர் வேலையாக இருக்கட்டும். டப்பா அவருக்கும்தானே. உங்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் கூடும், சோறு வெளியில் இருக்கும் நேரமும் ஒன்றரை மணி குறையும். வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே ஆவி போன பிறகு டப்பாவில் போடுங்கள். குழம்பைச் சோற்றோடு கலக்கவே வேண்டாம். நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கொதிக்கும் தண்ணீரை ஐந்து நிமிடம் ஊற்றி வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் குழம்பை ஊற்றி மூடினால் மதியம் வரை சூடாகவே இருக்கும்.

கத்திரி வெயிலில் தேங்காய் வேண்டாம். பொரியலில்கூட. முதலில் கெடுவது அதுதான். பதிலுக்கு வறுத்த எள்ளுப்பொடி, நிலக்கடலைப்பொடி தூவிக்கொள்ளலாம். மீனும் முட்டையும் அந்த மாதங்களில் டப்பாவுக்கு ஆகாது, வீட்டில் சாப்பிடுங்கள். புளிப்பு இருக்கும் சோறு தாங்கும்: புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம். வாழை இலையை அடுப்பில் வாட்டி அதில் கட்டிக்கொண்டு போகிற புளியோதரைக்கு நம் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. தயிர் சாதத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை: சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, காய்ச்சின பாலை ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கரண்டி தயிர் சேர்த்துக் கிளறி, உப்பையும் தாளிப்பையும் போட்டுவிடுங்கள். மதியத்துக்குள் டப்பாவிலேயே உறைந்து, புளிக்காமல், கட்டியாக இருக்கும். இதற்கும் அளவு சின்ன அடுக்குதான். மாங்காய் ஊறுகாயோடு நிறுத்திவிடாமல், கீரைத்தண்டுப் பொரியலோ அவரைக்காயோ நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் மொத்தம் நாலு பெண்கள். நாலு பேரும் காலையில் தனித்தனியாக மூன்று மூன்று வகை செய்ய முண்டியடித்துக் கடைசியில் வறுவலோடு வந்து நிற்கிறீர்கள். பேசி வைத்துக்கொள்ளுங்களேன். ஒருவர் கீரை, ஒருவர் பயறு அல்லது சுண்டல், ஒருவர் பொரியல், ஒருவர் வெள்ளரி, கேரட், கொய்யா மாதிரி நறுக்கிச் சாப்பிடக்கூடியவை. ஆளுக்கு ஒன்றே ஒன்று, நாலு பேருக்கும் சேர்த்து. சோறும் குழம்பும் அவரவர் வீட்டிலிருந்து. ஒரு சட்டிக் கீரை கடைவதற்கும் நாலு பேருக்குக் கடைவதற்கும் நேரம் பெரிதாக வித்தியாசப்படாது. ஆளுக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வாரம் ஒருமுறை முறையை மாற்றிக்கொள்ளுங்கள், ஒருவர் மேலேயே கீரை ஆய்கிற வேலை விழக் கூடாது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கும் இன்னொருத்தியும் அந்த நாலு பேரில் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன், அவளுக்கும் இது உதவும். எல்லாரும் ஒரே நேரத்தில் வேலையை விட்டு எழுந்து வர முடியாது என்றால் இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள்.

ஆனால் மேஜையில் வேண்டாம். கணினியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் எவ்வளவு தின்றோம் என்பதே தெரியாது. இருபது நிமிடம் சோற்றுக்கு, பத்து நிமிடம் நடைக்கு. வெயிலில் போக வேண்டாம், வராந்தாவில் அங்கும் இங்கும் நடந்தாலே போதும். சாப்பிட்டு எழுந்து கொஞ்சம் நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், மூன்று மணித் தூக்கத்துக்கும் அது நல்ல மருந்து. நேரம் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தால், 1947-ஆம் வருடத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒரு மணி நேரமாவது ஓய்வு இடைவேளை தர வேண்டும் என்கிறது அது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. நாலு பேரும் சேர்ந்து மேலாளரிடம் பதமாகக் கேளுங்கள்.

மெஸ் எப்போதாவது ஒரு நாள் என்றால் சரி. அங்கே சோறு தாராளமாக வரும், பொரியல் ஒரு ஸ்பூன் வரும், அதுதான் சிக்கல். போகிற நாளில் சோறு வீட்டிலிருந்து கொண்டுபோய், கூட்டும் பொரியலும் மட்டும் பார்சல் வாங்கிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சாப்பாடு போடாதீர்கள், எவர்சில்வர்தான் நல்லது. நறுக்கின பழத்துக்கும் வெள்ளரிக்கும் பிளாஸ்டிக் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே ஒரு நாள் அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த முகாம் சீட்டையும் கையில் கொண்டுபோங்கள். மூன்று மாதம் கழித்துச் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் மறுபடி பார்த்துவிட்டு, அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். அதை வைத்து அடுத்து என்ன மாற்றலாம் என்று சொல்கிறேன்.